டிக்கோப்பியாத் தீவும் ஸோயி புயலும்: ஊத்தான் மெலிந்தாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த டிசம்பரில் மலேசியாவில் எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங்கில், கோவில் மண்டபத்து வாசிப்பு வட்டத்தில் டிக்கோப்பியா என்ற தீவைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். மின்விசிறிச் சத்தத்தில் பாதிப் பேருக்குப் பாதிதான் காதில் விழுந்தது போலும். மறுவாரமே தீவு மூழ்கிவிட்டதாக ஒரு கதையும், சாமி கும்பிட்டதால் புயல் விலகிப்போனதாக இன்னொரு கதையும் ஊருக்குள் நடமாட ஆரம்பித்துவிட்டன. பசியாற உட்கார்ந்தாலும் கேட்கிறார்கள், செம்பனைக் குலை எடை போடுகிற இடத்திலும் கேட்கிறார்கள். தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தவன் நான். ஒன்றையே இருபது தடவை வாயால் சொல்வதைவிட ஒரு தடவை எழுதிவைப்பதுதான் எனக்குப் பழக்கம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கிராணி ஐயா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தீவில் எல்லாரும் இறந்துவிட்டார்களா?

இல்லை. ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் அந்தச் செய்தி வெளியே வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளைப் பற்றித்தான் இனி வரும் கேள்விகளில் பாதி.

டிக்கோப்பியா எங்கே இருக்கிறது? அப்படி ஓர் ஊர் இருப்பதாகவே நான் கேள்விப்பட்டதில்லையே.

பசிபிக் கடலில், சாலமன் தீவுகள் என்ற நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. தலைநகர் ஹோனியாராவிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். தீவின் பரப்பளவு 5 சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு நடுத்தரத் தோட்டம் அளவுதான். அதில் சுமார் 1,200 பேர். பழைய எரிமலை ஒன்றின் மிச்சம் அது. 380 மீட்டர் உயரத்தில் ரெயானி என்ற மலை, அதன் அடியில் எரிமலை வாயில் தேங்கிய தே ரோட்டோ என்ற ஏரி. அந்த ஏரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் அது முக்கியமாகிறது.

விமானத்தளம் கிடையாது, துறைமுகம் கிடையாது. கப்பல் எப்போதாவது வரும். அதற்கும் அப்பால், ஏறக்குறைய 135 கிலோமீட்டர் தொலைவில், அனுத்தா என்று இன்னும் சிறிய தீவு ஒன்று உண்டு. அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்த இடத்தில் சுமார் 300 பேர் வாழ்கிறார்கள்.

இது சுனாமிதானே? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்ததுதானே?

இல்லை. நீங்கள் சொல்வது 2004 டிசம்பர் 26. பினாங்கிலும் கெடா கோலமூடாவிலும் நம் நாட்டு மக்களையே பலிகொண்ட அந்தச் சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. டிக்கோப்பியாவைத் தாக்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 2002 டிசம்பர் 28 அன்று, காற்றும் மழையுமாக வந்த புயல். அதற்கு ஸோயி என்று பெயர் வைத்தார்கள். அத்தனை சேதம் செய்ததால் அந்தப் பெயரை அந்த வட்டாரத்தில் வேறு எந்தப் புயலுக்கும் இனி வைக்கமாட்டார்கள். டிசம்பர் மாதம் என்றாலே எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

காற்று என்ன வேகம்? நம் ஊரிலும்தான் கூரை பறக்கிறது.

பறக்கிறதுதான். விடியற்காலையில் நீரிணைப் பக்கமிருந்து சுமத்ராக் காற்று வந்தால் தகரத்தைத் தூக்கிப் பக்கத்து வீட்டு வாழையில் சொருகிவிட்டுப் போகும். அது மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸோயியின் காற்று 240 கிலோமீட்டர், அதுவும் ஒரு வீச்சில் அல்ல, பத்து நிமிடச் சராசரி. வேகம் மூன்று மடங்கானால் மூன்று மடங்குதானே என்று நினைக்கக்கூடாது. காற்று தள்ளுகிற விசை ஒன்பது மடங்காகும்.

இன்னொன்று, ஸோயி அடித்துவிட்டு ஓடிப்போகிற புயலாகவும் இல்லை. தீவுக்கு அருகே வந்ததும் வேகம் குறைந்து, அங்கேயே ஒரு வட்டம் சுற்றியது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் 890 மில்லிபார் வரை இறங்கியது. நம் ஊரில் சாதாரண நாளில் 1,010 இருக்கும். தென் பசிபிக்கில் அதுவரை பதிவான எந்தப் புயலிலும் அவ்வளவு குறைந்ததில்லை.

அவ்வளவு காற்றில் எப்படித் தப்பித்தார்கள்? யார் வந்து காப்பாற்றினார்கள்?

யாரும் வரவில்லை. மலைக்கு ஏறினார்கள். சரிவுகளில் இருந்த குகைகளிலும், முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் பாறைகளின் அடியிலும் ஒண்டிக்கொண்டார்கள். எந்தப் பாறைக்கு அடியில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது அங்கே கிழவிகளுக்கும் தெரியும். ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளாக மனிதர் வாழும் தீவு அது. புயல் அவர்களுக்குப் புதிதல்ல.

அவர்கள் வீட்டையும் பார்க்க வேண்டும். கூரை தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்வாக இறங்கியிருக்கும். வாசல் என்பது முழங்காலில் தவழ்ந்து நுழைகிற ஒரு திறப்பு, அவ்வளவுதான். மேலே சவ்வரிசிப் பனையின் ஓலை. நாம் அத்தாப்புக் கூரை என்போமே, அந்த ஜாதிதான். சாதாரணக் காற்றுக்கு அந்த வீடு குனிந்து கொடுக்கும். ஸோயி போன்ற காற்றுக்கு எந்த வீடும் நிற்காது. நிற்காவிட்டாலும் விழுவது ஓலையும் கழியும்தான், கான்கிரீட் பாளம் அல்ல.

ஒரு வாரம் யாருமே போகவில்லையா? அங்கே அரசாங்கம் இல்லையா?

இருந்தது, ஆனால் கையில் காசில்லை. சாலமன் தீவுகளில் 1998 முதல் இனக்கலவரம். 2000-இல் ஆயுதக் குழு பிரதமரையே பிடித்துவைத்துப் பதவி விலகவைத்தது. கஜானா காலி. தீவுக்குப் புறப்பட வேண்டிய காவல்துறைப் படகு எரிபொருளுக்கும் ஊழியர் படிக்கும் பணமில்லாமல் துறைமுகத்திலேயே நின்றது.

தேதி வரிசையில் சொன்னால் இப்படி. டிசம்பர் 28 சனிக்கிழமை புயல். தீவிலிருந்து பேச்சுமூச்சில்லை. ஜனவரி 1 அன்று ஆஸ்திரேலிய விமானப்படை விமானம் ஒன்று மேலே பறந்து படம் எடுத்தது. மொட்டையான மரங்கள், மண்ணோடு போன ஊர்கள், கீழே சில மனிதர்கள். ஜனவரி 3 வெள்ளிக்கிழமை நியூசிலாந்துப் படப்பிடிப்பாளர் ஜெஃப் மாக்லி வனுவாட்டுவிலிருந்து ஹெலிகாப்டரில் போய் இறங்கினார். சாவு இல்லை என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். காவல்துறைப் படகு போய்ச் சேர்ந்தது ஜனவரி 5 ஞாயிறு. அரசுகள் எல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது படம் பிடிக்கிற ஒரு மனிதர் முந்திக்கொண்டார் என்பதை நான் இன்னும் ஜீரணிக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

அப்படியானால் ‘எல்லாரும் இறந்தார்கள்’ என்பதை யார் கிளப்பிவிட்டது?

யாரும் வேண்டுமென்று கிளப்பவில்லை. மேலே சொன்ன விமானப் படங்களைப் பார்த்தவர்கள், இந்த இடத்தில் உயிர் மிஞ்சியிருக்க வழியில்லை என்று முடிவுகட்டினார்கள். சாவு நூற்றுக்கணக்கில் இருக்கும் என்ற அச்சம் தலைப்புச் செய்தியானது. பிழைத்த செய்தி வந்தபோது அது உள்பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் தாளை மட்டும் படித்தவர்களின் கதைதான் இன்றும் சுற்றுகிறது.

அந்த ஒரு வாரம் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார்கள் தம்பி?

இதைக் கேட்டவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா. கேள்விகளில் நல்ல கேள்வி இதுதான். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர், முதலில் சோற்றைப் பற்றித்தான் கேட்பார்.

டிக்கோப்பியாவில் மாசி என்று ஒன்று உண்டு. நம் மாசிக் கருவாடு அல்ல. ஈரப்பலா, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் இவற்றில் மிஞ்சுவதைத் தோல் சீவி, இலை பரப்பிய குழிக்குள் போட்டு, மேலும் இலை மூடிக் கல் வைத்துவிடுவார்கள். உள்ளே புளித்துக் கெட்டியான மாவுபோல ஆகும். மாதக்கணக்கில், பக்குவமாக வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. மலாய்க்காரர்கள் செய்யும் தாப்பாய் என்ற புளிக்கவைத்த பண்டத்தை முகர்ந்தவர்களுக்கு வாசனை ஓரளவு புரியும், ஆனால் இது அதைவிடக் காட்டமாம். விளைச்சல் நன்றாக இருக்கும்போதே புதைத்துவைப்பது அவர்கள் வழக்கம். மரத்தில் இருப்பதைக் காற்று பறிக்கலாம், குழிக்குள் இருப்பதை எப்படிப் பறிக்கும்? கூடவே, விழுந்த தேங்காயும் மண்ணுக்குள் இருந்த கிழங்கும் முதல் நாட்களுக்கு உதவும்.

ஆனால் பெரியம்மாவிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் சுலபம், ஆறாவது மாதம்தான் கடினம். 1952 ஜனவரியிலும் அடுத்த ஆண்டும் இதே தீவைப் புயல் தாக்கியது. அப்போது புயலைவிடப் பின்னால் வந்த பஞ்சம்தான் ஆட்களைக் கொன்றது. மானுடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் அந்தச் சமயம் அங்கே இருந்து எழுதிவைத்திருக்கிறார். கிழங்குத் திருட்டு பெருகியது. இரவில் தோட்டத்துக்குக் காவல் போட்டார்கள். விருந்துச் சடங்குகள் சுருங்கின. நான்கு குலத் தலைவர்களும் கூட்டம் போட்டு, முதலில் நடவு, மற்றதெல்லாம் பிறகு என்று ஆட்களைத் திரட்டினார்கள். 2003-இல் அரிசி மூட்டை கப்பலில் வந்தது, அந்த அளவுக்கு நிலைமை தேவலை.

யாரும் சாகவில்லை, சாப்பாடும் இருந்தது. அப்புறம் என்ன, ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ‘உயிர்ச்சேதம் இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது அலுவலகப் புத்தி. அந்தப் புத்தி எனக்கும் இருந்ததால் சொல்கிறேன்.

தே ரோட்டோ ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது ஒரு மணல் மேடு மட்டுமே. புயல் அதை உடைத்தது. உப்புத் தண்ணீர் ஏரிக்குள் நுழைந்து, அலை ஏறும்போது உள்ளேயும் இறங்கும்போது வெளியேயும் போய்வர ஆரம்பித்தது. ஏரிக் கரையில்தான் சவ்வரிசிப் பனைகள் நின்றன. மலாய்க்காரர்கள் ரும்பியா என்பார்களே, அந்த மரம். அதன் ஓலைதான் கூரை, அதன் தண்டிலிருக்கும் மாவு பஞ்ச காலத்துச் சாப்பாடு. வேர் உப்பில் நின்றதால் மரங்கள் சாக ஆரம்பித்தன. ஏரி மீனும் போயிற்று.

பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடலைத் தடுக்கும் மண் அணையில் நண்டு துளைத்த ஓட்டை கையளவு இருக்கும். கடல் அலை பெருகும் நாளில் அது கதவளவாகும். தண்ணீர் ஒரே இரவில் வடிந்துவிடும், மரம் மஞ்சளாவது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். எங்கள் தோட்டத்தில் அப்படி உடைந்தபோது மண்மூட்டை அடுக்க ஆள் கணக்கெழுதினேன். காலையில் தென்னைக்கு அடியில் உயிருள்ள மடவை மீன் ஒன்று துள்ளிக்கொண்டிருந்ததை இன்னும் மறக்கவில்லை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் சேதம் ‘இல்லை’ என்றுதான் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

டிக்கோப்பியாவில் அந்த உடைப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேல் திறந்தே கிடந்தது. 2006-இல்தான் அடைத்தார்கள். கம்பிவலைக் கூண்டுகளில் கல்லை நிரப்பி அடுக்கிக் கட்டிய அணை. அதற்கு முன்முயற்சி எடுத்தவர்களில் பலர், பாய்மரப் படகில் உலகம் சுற்றும்போது அந்தத் தீவில் தங்கி, அந்த மக்களோடு பழகியவர்கள்.

தனுஷ்கோடி மாதிரி, வாழ முடியாத இடம் என்று ஊரைக் காலி செய்திருக்கலாமே?

நம்மவர்களுக்குத் தனுஷ்கோடி ஞாபகம் வருவது இயல்பு. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து போன ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அதன்பின் மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தனுஷ்கோடி தாழ்ந்த மணல் முனை, ஏறி ஒதுங்க ஒரு குன்றுகூடக் கிடையாது. தலைமன்னார்க் கப்பலும் ரயிலும் வந்ததால் வளர்ந்த ஊர், அவை நின்றதும் அதற்குப் பிழைப்பும் நின்றது. டிக்கோப்பியாவுக்கு மலை இருக்கிறது, ஊற்று இருக்கிறது, பயிரிட மண் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுடைய பழைய வழக்கப்படி இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே, பாய்க்குக் கீழே புதைத்தார்கள். வீடு காற்றோடு போனாலும் அந்த இடம் தாத்தாவின் இடம். அதை விட்டுப் போ என்று யார் சொல்வது?

அவர்களும் நம்மைப் போலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் என்றீர்களே, அது நிஜமா?

நிஜம். மண்டபத்தில் அதைச் சொன்னபோதுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். ஃபர்த் 1929-இல் எண்ணியபோது தீவில் 1,300-க்குச் சற்றுக் குறைவானவர்கள் இருந்தார்கள். 1952-இல் 1,700-ஐத் தாண்டிவிட்டார்கள். அந்த மண் அத்தனை பேரைத் தாங்காது. பஞ்சத்துக்குப் பிறகு, 1950-களில், ஒரு பகுதியினர் ரஸ்ஸல் தீவுகளில் லீவர்ஸ் கம்பெனியின் தென்னந்தோட்டங்களுக்குக் கொப்பரை வேலைக்குப் போனார்கள். அங்கே அவர்கள் உண்டாக்கிய ஊர் நுக்குஃபெரோ. பிறகு மக்கிரா தீவில் நுக்குக்காய்சி என்று இன்னோர் ஊர்.

ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. நம் பாட்டன்மார் கப்பலேறியபோது ஊர்த் தொடர்பு கடிதத்தோடு நின்று, பிறகு அதுவும் நின்றது. அவர்கள் குலத்தையும் தலைவரையும் விடவில்லை. 2002-இல் தீவிலிருந்து சத்தமே வராதபோது, இந்தக் குடியேற்ற ஊர்களில் இருந்த சொந்தக்காரர்கள்தான் அந்த ஆறு நாளை எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள்.

யாரும் சாகவில்லை என்பதை எப்படி நம்புவது? யார் போய் எண்ணினார்கள்?

கிராணியிடம் கேட்க வேண்டிய கேள்வி. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்கும்போது பெயர்ப் பட்டியலை வாசிப்போம். பட்டியல் தொலைந்துபோன நாளிலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு சுற்றுப் பார்வை பார்த்துவிட்டு, ‘முனியம்மா வரவில்லை’ என்பார். அவர் சொன்னது ஒரு நாளும் தப்பியதில்லை.

டிக்கோப்பியாவில் கல்யாணமானவர்களை வீட்டுப் பெயரால்தான் அழைப்பார்கள். கணவருக்கு முன்னால் ‘பா’, மனைவிக்கு முன்னால் ‘நௌ’, பிறகு வீட்டின் பெயர். ஆளைக் காணவில்லை என்றால் ஒரு வீட்டின் பெயரே குறைகிறது. 1,200 பேரும் நான்கு குலத்துக்குள் அடக்கம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாவை மறைக்க முடியாது, மறைக்கக் காரணமும் இல்லை. ஹெலிகாப்டரில் போனவர் ஒவ்வொருவராக எண்ணவில்லைதான். கேட்டார், அவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துப் படகில் வந்தவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அனுத்தாவிலும் சாவு இல்லை.

நம் பக்கம் இப்படி ஒரு புயல் வருமா?

பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் பெரும்பாலும் வராது. புயல் சுழலுவதற்குப் பூமி சுழற்சியின் உந்துதல் வேண்டும், ரேகையை ஒட்டிய இடங்களில் அது மிகக் குறைவு. ஆனால் ‘வரவே வராது’ என்று சொல்லாதீர்கள். 1996 டிசம்பர் 26 அன்று கிரெக் புயல் சபாவில் கெனிங்காவ் வட்டாரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் ஜொகூரின் தென்கிழக்கே கரையேறியது. அது உருவான இடம் ரேகைக்கு ஒன்றரை டிகிரிதான் வடக்கே. டிக்கோப்பியாவையோ 2015 மார்ச்சில் பாம் புயல் மறுபடியும் தாக்கியது. பயிர் போயிற்று, மறுபடியும் நட்டார்கள்.

அந்தத் தீவில் குடியேறிய முதல் வெளியூர்க்காரர் ஒரு தமிழராமே?

இதை யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. நடந்தது இது. 1813-இல் ஒரு கப்பல் டிக்கோப்பியாவில் சிலரை இறக்கிவிட்டுப் போனது. அவர்களில் ஒருவர் இந்தியக் கப்பலோட்டி, லஸ்கர். வெள்ளைக்காரர்கள் அவரை ஜோ என்று கூப்பிட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1826-இல், பீட்டர் டில்லன் என்ற கப்பல் தலைவர் திரும்பி வந்தபோது அவர் அங்கேயே இருந்தார். தன்னிடமிருந்த வெள்ளி வாள்பிடி ஒன்றைச் சில தூண்டில் முட்களுக்கு விற்றார். அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப் போய்த்தான், நாற்பது ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸின் கப்பல்கள் பக்கத்து வனிக்கோரோத் தீவில் உடைந்தது தெரியவந்தது. கூட வா என்று டில்லன் அழைத்தும் ஜோ வர மறுத்துவிட்டார்.

லஸ்கர் என்றால் இந்தியக் கடற்கரையில் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். தமிழர் என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. எனவே, ‘டிக்கோப்பியா சென்ற முதல் தமிழர்’ என்று மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தது நான்தான். மறுநாள் அதே கையெழுத்தில் வேறொரு தாள் இருந்தது: ‘தமிழராகவும் இருக்கலாம்.’ அதை விட்டுவைத்திருக்கிறேன்.